கட்டிப்போட்டுக் கொளுத்தும் எஞ்சின்

தீபாவளி ராக்கெட்டைக் கொளுத்தினால் சீறிக்கொண்டு மேலே பாய்கிறது. பாயவிடாமல் கட்டிப்போட்டுக் கொளுத்தினால்? திரவ எரிபொருளில் இயங்கும் பெரிய ராக்கெட் எஞ்சின்களை முதலில் அப்படித்தான் சோதிக்கிறார்கள்.

இதற்கான இடமே சோதனை மேடை. எஃகும் கான்கிரீட்டும் சேர்ந்த அந்தக் கட்டடம் எஞ்சினை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். கீழே, தீச்சுடரைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் எஃகுச் சரிவு இருக்கும். அதன்மேல் இடைவிடாமல் தண்ணீர் பாயாவிட்டால் எஃகே உருகிவிடும். உந்துவிசை, அழுத்தம், வெப்பநிலை, அதிர்வு ஆகியவற்றைக் கருவிகள் அளந்து, தொலைவிலுள்ள கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும்.

இவ்வளவு பாடு எதற்கு? இரண்டு நிலவு ராக்கெட்டுகளின் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவின் சாட்டர்ன்-5 ராக்கெட்டின் முதல் கட்டத்தில் 5 எஞ்சின்கள். பறக்குமுன் ஒவ்வொரு முதல் கட்டத்தையும் முழுதாக மேடையில் கட்டி எரித்துப் பார்த்தார்கள். 1967 முதல் 1973 வரை 13 முறை பறந்தும் அந்தக் கட்டம் ஒருமுறைகூடக் கைவிடவில்லை.

சோவியத் நாட்டின் என்-1 ராக்கெட்டின் முதல் கட்டத்திலோ 30 எஞ்சின்கள். அதை முழுதாகச் சோதிக்க மேடை கட்டப்படவில்லை. முப்பதும் சேர்ந்து எரிந்தால் என்ன ஆகும் என்பது வானத்தில்தான் தெரிந்தது. 1969 முதல் 1972 வரை நான்கு முறை ஏவினார்கள். நான்கும் முதல் கட்டம் எரியும்போதே தோற்றன.

மேடையில் கோளாறு தெரிந்தால் எஞ்சினை நிறுத்திப் பிரித்துப் பார்க்கலாம். வானத்தில் அது முடியுமா?

நம் நாட்டில் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இத்தகைய மேடைகள் உள்ளன. விகாஸ் எஞ்சினும் கிரையோஜெனிக் எஞ்சின்களும் அங்கே தரையில் முழங்கித் தேறிய பிறகே விண்ணுக்குச் சென்றன.