அந்தரத்தில் ஒரு நோயாளி!

ஷ்ஷ்... கதவைத் திறந்ததும் சிரித்துவிடாதீர்கள். உள்ளே மருத்துவ மாணவர்கள் சிலர் வெறும் காற்றைச் சுற்றி நின்றுகொண்டு, "எப்போதிலிருந்து மூச்சிரைக்கிறது?" என்று அக்கறையாக விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

இடம், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஆடன்புரூக்ஸ் மருத்துவமனை. 1766-இல் தொடங்கிய பழம்பெரும் ஆஸ்பத்திரி. 2022-இல் ஹோலோகிராம் நோயாளிகளை வைத்துப் பாடம் நடத்திய குறும்பும் இதற்கு உண்டு! திட்டத்தின் பெயர் ஹோலோசினாரியோஸ். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் கிக்எக்ஸ்ஆர் நிறுவனமும் கூட்டு.

நாமும் ஹெட்செட்டை மாட்டிக்கொள்வோமா? ஹோலோலென்ஸ் 2, எடை 566 கிராம். கண்ணாடி வழியே நாற்காலி, சுவர், பக்கத்தில் நிற்பவரின் மூக்கு எல்லாம் அப்படியே தெரிகின்றன. நடுவில், சற்றுமுன் இல்லாத ஒருவர்! ஆஸ்துமாவாம். சுற்றிப் போனால் முதுகு தெரிகிறது. எதிரே நிற்பவருக்கு அதே ஆளின் முகம். ஹெட்செட்டின் கேமராக்களும் சென்சார்களும் அறையை ஓயாமல் அளந்துகொண்டிருப்பதால்தான் மனிதர் இடம் மாறாமல் இருக்கிறார். ரொம்பக் கிட்டே போகாதீர்கள். பார்வைப் பரப்பு மூலைக்கு மூலை 52 டிகிரிதான். முகத்தைப் பார்த்தால் கால் காணாமல் போகும்.

அறையின் நிஜ வில்லன் ஆசிரியர்தான். பொம்மலாட்டக்காரர் கைநூல் மாதிரி, நோயாளியின் நிலைமை முழுக்க அவர் விரலில். மாணவர்கள் கொஞ்சம் அசந்தால் போச்சு, புதுச் சிக்கல் முளைக்கும். அனஃபிலாக்சிஸ், நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு, நிமோனியா என்று முதல் பாடத் தொகுப்பிலேயே வரிசை கட்டி நிற்கின்றன.

இதில் அனஃபிலாக்சிஸ் பொல்லாதது. கடும் ஒவ்வாமை, தொண்டை வீங்கும், ரத்த அழுத்தம் சரியும். பெரியவர்களுக்குத் தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் 0.5 மில்லிகிராம், உடனடியாக. புத்தகத்தில் இது ஒற்றை வரி. ஆனால் ஊசியை எடுப்பது யார், ஆக்சிஜன் கொடுப்பது யார், பெரிய டாக்டரைக் கூப்பிட ஓடுவது யார்? அந்தக் குழப்பத்தை எந்தப் புத்தகமும் கற்றுத்தராது. நடிகரை நோயாளியாக்கிப் பழகும் வழக்கமும் உண்டுதான். அவர் தத்ரூபமாக இருமுவார், உதட்டை நீலமாக்கச் சொன்னால் பாவம் என்ன செய்வார்?

இந்த ஹோலோகிராம் ஆசாமியிடமும் ஒரு குறை. நாடி பிடிக்கப் போனால் கை காற்றில்தான் அலையும்! போதாததற்கு, மைக்ரோசாஃப்ட் 2024-இல் ஹோலோலென்ஸ் 2 தயாரிப்பையே நிறுத்திவிட்டது. இனி நோயாளி வேறு ஹெட்செட்டுக்குக் குடிபெயர வேண்டியதுதான்.

அதுவரைக்கும், ஏன் அதற்குப் பிறகும்கூட, நாடி பார்த்துப் பழக நிஜ மணிக்கட்டுதான் வேண்டும். உங்கள் வீட்டில் மருத்துவமோ நர்ஸிங்கோ படிக்கும் பிள்ளை இருந்தால், முகம் சுளிக்காமல் கையை நீட்டுங்கள்.