கொடுவா மீனின் வாழ்க்கை

மரக்காணம் கரையிலிருந்து வரும் கொடுவாவைத் தங்கள் ஏரியில் விட்டால் பெருகுமா என்று திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக் குடியானவர்கள் என்னைக் கேட்பதுண்டு. வளரும், ஆனால் பெருகாது. இதன் காரணத்தை அறிந்துகொண்டால் இம்மீனைப் பற்றிய மற்ற விஷயங்களும் எளிதில் விளங்கும்.

கொடுவாவின் கீழ்த்தாடை மேல்தாடையைவிடச் சற்று முன்நீண்டிருக்கும், வால் வட்டமானது, இருட்டில் விளக்கொளி பட்டால் கண்கள் தணல்போல் மின்னும். பாரசீக வளைகுடா முதல் ஆஸ்திரேலியாவின் வடபாகம் வரை கடலோரங்களில் வசிக்கிறது. உப்புநீர், உவர்நீர், நன்னீர் மூன்றும் அதற்கு ஒத்துக்கொள்ளும். முட்டையிடுவதற்கு மாத்திரம் உப்பு மிகுந்த ஜலம் வேண்டும். ஆகையால், முதிர்ந்த மீன்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி முகத்துவாரங்களின் அருகே கூடுகின்றன. முட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த குறுக்களவுடையது; நீரில் மிதந்து, ஒரு நாளைக்குள் பொரிந்துவிடும். குஞ்சுகள் கடல் ஏற்றத்தோடு கழிகளுக்குள் புகுந்து, இறால்களையும் சிறுமீன்களையும் தின்று வளர்கின்றன. மழைக்காலத்தில் நன்னீர் நிரம்பி, கோடையில் உவர்ப்பேறும் நமது கழுவெளி இத்தகைய நீர்நிலையே. 2021-ம் வருஷத்தில் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இனி முக்கிய விஷயத்திற்கு வருவோம். கொடுவா பெரும்பாலும் முதலில் ஆணாகவே முதிர்கிறது. உத்தேசம் மூன்று நான்கு வயதில் ஆணாயிருந்த அதே மீன், ஆறு ஏழு வயதில் பெண்ணாக மாறுகிறது. தராசில் ஐந்து கிலோவுக்குமேல் நிற்கும் மீன் அநேகமாகப் பெண்ணே. அத்தகைய மீனொன்று ஒரு பருவத்தில் பல இலட்சம் முட்டைகளிடும். ஆகவே, முகத்துவாரத்தில் சிறுகண் வலை கட்டிக் குஞ்சுகளை வாரிவிட்டால், சில வருஷங்களுக்குப் பின் தாயாக வேண்டிய மீன்கள் இல்லாமற் போகும். கூடும் பருவத்தில் பெருமீன்களையெல்லாம் பிடித்துவிட்டாலோ அவ்வருஷமே முட்டை குறையும். முகத்துவாரம் மணலால் அடைபட்டுக் கிடந்தால் வலையே வேண்டாம். குஞ்சுகள் உள்ளே வர வழியிராது.

வளர்க்க விரும்புவோர் கழியில் குஞ்சு தேடவேண்டிய அவசியமில்லை. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், வளர்ப்புத் தாய்மீன்களிடமிருந்து குஞ்சு பொரிப்பிப்பதில் 1997-ல் வெற்றி கண்டது. கெண்டை விட்டிருக்கும் பொது ஏரியில் மட்டும் கொடுவாவை விடவேண்டாம். குத்தகைதாரர் பணங்கொடுத்து வாங்கி விட்ட ரோகு, கட்லா குஞ்சுகள் அதற்கு இரையாகும். பிறகு ஊரில் வழக்குத்தான் மிஞ்சும்.

தனிக்குளத்திலும் எச்சரிக்கை வேண்டும். கொடுவாக் குஞ்சு தன் நீளத்தில் பாதியளவுள்ள உடன்பிறப்பையே விழுங்கிவிடும். ஆகையால், சிறு தொட்டியில் வைத்திருக்கும் காலத்தில் வாரம் ஒரு முறையேனும் பெரியவற்றையும் சிறியவற்றையும் பிரித்துவிட வேண்டும். நான்கு அங்குலம் தாண்டினபின் இவ்வழக்கம் குறைந்துவிடுமாதலால், அப்பொழுது குளத்தில் இறக்குதல் நலம்.