தாயின் கடன், மகளின் தளை

பெரம்பலூரும் அரியலூரும் பழைய திருச்சி ஜில்லாவைச் சேர்ந்தவை. அந்த ஜில்லாவின் வயல்களில் அடிமைகள் உழைத்தமைக்குக் கும்பினி ஆட்சியின் தஸ்தாவேஜுகளே சாட்சி. பாட்டி அடிமை, ஆதலின் தாயும் அடிமை, அவள் பெற்ற மகளும் அடிமை.

எஜமானனின் உரிமையைக் கோர்ட்டுகள் அங்கீகரிக்கலாகாது என்றது 1843-ஆம் வருஷத்துச் சட்டம். அடிமைக்கு நிலம் தரவில்லை. அடிமையோலை மறைந்தது, கடன் பத்திரம் அதன் இடத்தைப் பிடித்தது. கலியாணத்துக்கு வாங்கிய சொற்பக் கடனுக்காகப் பண்ணையாளின் குடும்பமே கட்டுண்டது. நடவும் களையெடுப்பும் பெண்களின் தலையில் விழுந்தன.

அக்கடனை ரத்துச் செய்தது 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமே. இடையே கழிந்தவை 133 ஆண்டுகள். ஏறக்குறைய ஐந்து தலைமுறைப் பெண்களின் வாழ்வு!

நிலமும் நியாயமான கூலியும் இல்லையேல், விடுதலை பெற்றவள் மறுபடியும் கடன் கொடுப்பவனின் வாசலுக்கே செல்வாள். பத்திரத்தைக் கிழித்த சர்க்கார், அவள் பெயருக்குப் பட்டாவும் எழுதவேண்டும் என்பதே நமது கோரிக்கை.