சீதாஎலிய: பெயரும் கதையும்

மலைநாட்டு ஊர்ப்பெயர்களுட் பல தம்முள் ஒரு கதையை அடக்கியுள்ளன. திம்புள்ள என்னும் பெயர், சிங்களத்தில் திம்புல் எனப்படும் அத்திமரத்தால் வந்ததென்பர். அங்கிருந்து தலவாக்கலை வழியே நுவரெலியாவை அடைந்து, வெலிமடை வீதியில் ஏறக்குறைய 3 மைல் சென்றால், ஓடைக்கரையிற் சீதையம்மன் கோயிலைக் காண்போம். அவ்வூரே சீதாஎலிய.

எலிய என்னும் சிங்களச் சொல்லுக்கு ஒளி என்றும் வெளி என்றும் பொருளுண்டு. சீதையின் ஒளி எனப் பலர் கூறுவர். சீதை இருந்த வெளி என்பதே எமக்குப் பொருத்தமாகப் படுகின்றது. ஊர்வழக்கு அவ்விடத்தையே அசோகவனம் என்கின்றது. ஓடைப்பாறையிலுள்ள குழிகள் அனுமனின் அடிச்சுவடுகளாம். அயலிலுள்ள கரிய மண் அவன் வாலில் இட்ட தீயால் எரிந்ததாம். அருகே நிற்கும் மலை ஹக்கல, அதாவது தாடைப்பாறை. மருந்துமலையை அனுமன் கையில் ஏந்தி வந்தான் என்றே நாம் கேட்டிருக்கின்றோம். இங்குள்ள கதையிலோ அவன் அதனைத் தாடையிற் கவ்வி வந்தான்! வெலிமடைப் பக்கத்துத் திவுரும்பொல, சீதை சத்தியஞ்செய்து தீப்புகுந்த இடமெனப்படும். அங்கே இருப்பது பௌத்த விகாரை. ஆகவே இக்கதை தமிழர்க்கு மட்டும் உரியதன்று.

வான்மீகி முனிவர் இலங்கை நகரைத் திரிகூடமலையின் உச்சியில் வைத்தார். அது ஹக்கலைதான் என்பதற்கு ஊர்க்கதையன்றி வேறு சான்றில்லை. இன்றுள்ள கட்டடமும் பழமையானதன்று. எனினும் 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்கள், அயல்மொழிப் பெயரொன்றிலே தாம் அறிந்த ஒருத்தியைக் கண்டனர். கடல்கடந்து கொணரப்பட்டு ஊர்திரும்ப ஏங்கியவளல்லளோ அவள்? கம்பர் காவியத்திலே இராவணன் சீதையைப் பர்ணசாலையோடும் நிலத்தோடும் பெயர்த்துக் கொணர்கின்றான். இம்மக்களுக்கோ அந்தப் பிடிமண்ணும் உடன்வரவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. எஞ்சியோர்க்கு முழுவழி திறந்தது 2003ஆம் ஆண்டிலேதான்.

2024 மே 19ஆம் நாள் நிகழ்ந்த குடமுழுக்கிற்கு அயோத்தியிலிருந்து சரயு நதிநீர் வந்தது. அடிச்சுவடுகளைக் காணச் செல்வோர் மழைநாளிற் பாறையிற் பார்த்துக் கால்வைத்தல் வேண்டும்.