விமானப் பயண இரத்து

விமானப் பயண இரத்து என்பது, முன்னரே அறிவித்துச் சீட்டு விற்கப்பட்ட ஒரு விமானப் பயணத்தை, அதை இயக்க வேண்டிய நிறுவனமே நடத்தாமல் கைவிடுவதைக் குறிக்கும். அறிவித்த நேரத்துக்குப் பின்னர் விமானம் புறப்படுவது தாமதம் எனப்படும். உறுதி செய்யப்பட்ட சீட்டுடன் உரிய நேரத்தில் வந்த பயணியை, இடமில்லை என்று கூறி விமானத்தில் ஏற்றாமல் விடுவது ஏற்ற மறுப்பு எனப்படும். இம்மூன்றும் ஒன்றுபோல் தோன்றினாலும் இவற்றுக்கான விதிகள் வெவ்வேறானவை. இரத்தின்போது பயணிக்குக் கிடைக்கக்கூடிய உரிமைகள், அவற்றைப் பெறும் வழிமுறைகள் ஆகியவற்றை, முதன்மையாக இந்திய விதிகளின் அடிப்படையில், இக்கட்டுரை விளக்குகிறது.

காரணங்கள்

ஒரு பயணம் இரத்தாவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் முதன்மையானவை பின்வருமாறு:

- வானிலை: கடும் மழை, புயல், மூடுபனி போன்றவை. வட இந்தியாவில் டிசம்பர், சனவரி மாதங்களில் மூடுபனியால் விமானங்கள் இரத்தாவது வழக்கம். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் ஏற்பட்ட வெள்ளத்தின்போது சென்னை விமான நிலையம் பல நாட்கள் மூடப்பட்டிருந்தது.
- தொழில்நுட்பக் கோளாறு: விமானத்தில் பழுது கண்டறியப்பட்டு, மாற்று விமானம் கிடைக்காத நிலை.
- பணியாளர் பற்றாக்குறை: விமானிகளின் பணி நேரத்துக்குச் சட்டப்படியான உச்ச வரம்பு உண்டு. தாமதத்தால் அவ்வரம்பு கடந்துவிட்டால், அதே விமானி அடுத்த பயணத்தை இயக்க இயலாது.
- வணிகக் காரணம்: பயணிகள் குறைவாக உள்ள இரண்டு பயணங்களை நிறுவனம் ஒன்றாக இணைத்துவிடுதல்.
- அரசு ஆணை, வான்வெளி மூடல், வேலைநிறுத்தம் போன்றவை.

குறுகிய தூர வழித்தடங்களில் ஒரே விமானம் ஒரு நாளில் பல நகரங்களுக்கு இடையே மாறி மாறிப் பறக்கிறது. ஆகையால் காலையில் ஒரு நகரில் ஏற்பட்ட தடை, அதனோடு தொடர்பில்லாத வேறொரு நகரின் மாலைப் பயணத்தையும் இரத்தாக்கிவிடக்கூடும். சென்னையில் வானம் தெளிவாக இருக்கும்போது "வானிலை காரணமாக இரத்து" என்று அறிவிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்திய விதிகள்

இந்தியாவில் இவ்விடயத்தை ஒழுங்குபடுத்தும் அமைப்பு குடிசார் வான்போக்குவரத்துத் தலைமை இயக்ககம் ஆகும். ஏற்ற மறுப்பு, இரத்து, தாமதம் ஆகியவற்றின்போது பயணிகளுக்கு அளிக்க வேண்டிய வசதிகள் குறித்த விதிகளை இவ்வியக்ககம் 2010 ஆகஸ்ட் மாதம் வெளியிட்டது. அப்போது இரத்துக்கான இழப்பீடு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை மட்டுமே இருந்தது. 2016 ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தில் இத்தொகைகள் உயர்த்தப்பட்டன.

பயணிக்கு என்ன கிடைக்கும் என்பது, இரத்து பற்றிய தகவல் அவருக்கு எப்போது தெரிவிக்கப்பட்டது என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது.

1. இரண்டு வாரங்களுக்கு முன்னரே தெரிவித்தால்: பயணி ஏற்றுக்கொள்ளும் மாற்று விமானம் அல்லது கட்டணத்தைத் திருப்பித் தருதல். இழப்பீடு இல்லை.
2. இரண்டு வாரங்களுக்குக் குறைவாக, ஆனால் புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்துக்கு முன்னர் தெரிவித்தால்: இங்கும் மாற்று விமானம் அல்லது கட்டணத்தைத் திருப்பித் தருதல். இழப்பீடு இல்லை.
3. அவ்வாறு தெரிவிக்காவிட்டால்: பயணி ஏற்றுக்கொள்ளும் மாற்று விமானம் அல்லது முழுக் கட்டணத்தோடு கூடுதலாக இழப்பீடு. ஒரே சீட்டு எண்ணில் பதிவு செய்த இணைப்பு விமானத்தைத் தவறவிட நேர்ந்தாலும் இதே விதி பொருந்தும்.

இழப்பீட்டுத் தொகை, பயண நேரத்தைப் பொறுத்து மாறுபடும்:

- 1 மணி நேரம் வரை: 5,000 ரூபாய்
- 1 மணி நேரத்துக்கு மேல் 2 மணி நேரம் வரை: 7,500 ரூபாய்
- 2 மணி நேரத்துக்கு மேல்: 10,000 ரூபாய்

இவை உச்ச வரம்புகளே என்பது கவனிக்கத்தக்கது. மேற்கண்ட தொகை, ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே வழங்கப்படும்.

எடுத்துக்காட்டாக, சென்னையிலிருந்து தில்லிக்குச் செல்லும் ஒருவரின் சீட்டில் அடிப்படைக் கட்டணம் 4,200 ரூபாய், எரிபொருள் கட்டணம் 600 ரூபாய், வரிகளும் பிற கட்டணங்களும் 900 ரூபாய் எனக் கொள்வோம். அவர் செலுத்திய மொத்தத் தொகை 5,700 ரூபாய். நிறுவனத்தின் பணியாளர் பற்றாக்குறையால் பயணம் இரத்தானதைப் புறப்பாட்டுக்கு 5 மணி நேரத்துக்கு முன்னர்தான் அவர் அறிகிறார். மாற்று விமானத்தை அவர் ஏற்கவில்லை. பயண நேரம் 2 மணி நேரத்துக்கு மேல் என்பதால் உச்ச வரம்பு 10,000 ரூபாய்; ஆயினும் 4,200 + 600 = 4,800 ரூபாய் அதைவிடக் குறைவு. எனவே அவருக்குத் திரும்பக் கிடைக்க வேண்டியது 5,700 ரூபாய். இழப்பீடாக 4,800 ரூபாய். மொத்தம் 10,500 ரூபாய். மாற்று விமானத்தை அவர் ஏற்றிருந்தால் இழப்பீடு இராது.

விமான நிலையத்துக்கு ஏற்கெனவே வந்துவிட்ட பயணி மாற்று விமானத்துக்காகக் காத்திருக்க நேர்ந்தால், அவருக்கு உணவும் சிற்றுண்டியும் வழங்குவது நிறுவனத்தின் கடமை ஆகும்.

விதிவிலக்குகள்

நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட நிகழ்வுகளால் பயணம் இரத்தானால் இழப்பீடு வழங்க வேண்டியதில்லை. இயற்கைப் பேரிடர், உள்நாட்டுக் கலவரம், வெள்ளம், அரசு ஆணை, வேலைநிறுத்தம், வானிலை, பாதுகாப்பு அச்சுறுத்தல், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டால் ஏற்படும் தடை ஆகியவை இவற்றுள் அடங்கும். சீட்டுப் பதிவின்போது சரியான தொடர்பு விவரங்களை அளிக்காத பயணிக்கும் இழப்பீடு கிடையாது. முகவர் மூலம் சீட்டு வாங்குவோர், முகவரின் தொலைபேசி எண்ணுக்கு மாறாகத் தமது எண் பதிவாகியுள்ளதா எனச் சரிபார்ப்பது இதனால் இன்றியமையாதது.

இவ்விடத்தில் பலருக்கும் ஒரு குழப்பம் ஏற்படுவதுண்டு. விதிவிலக்கு இழப்பீட்டுக்கு மட்டுமே உரியது. சீட்டுக் கட்டணத்துக்கு அது பொருந்தாது. புயலால் இரத்தான பயணத்துக்கும் செலுத்திய கட்டணத்தைத் திரும்பப் பெறும் உரிமை பயணிக்கு உண்டு.

பணம் திரும்பப் பெறுதல்

கடன் அட்டை மூலம் செலுத்திய தொகையை 7 நாட்களுக்குள் நிறுவனம் திருப்பித் தர வேண்டும். நிறுவன அலுவலகத்தில் ரொக்கமாகச் செலுத்தியிருந்தால் உடனடியாகத் தர வேண்டும். முகவர் அல்லது பயண இணையத்தளம் வழியாக வாங்கிய சீட்டுகளுக்கும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே. ஏனெனில் முகவர்கள் அதன் பிரதிநிதிகளாகக் கருதப்படுகின்றனர்.

பணத்துக்கு மாற்றாக, எதிர்காலப் பயணத்துக்குப் பயன்படுத்தக்கூடிய வரவுச் சீட்டை நிறுவனங்கள் அளிக்க முன்வருவதுண்டு. இதை ஏற்பதா மறுப்பதா என்பது பயணியின் விருப்பம். நிறுவனம் கட்டாயப்படுத்த இயலாது. வரவுச் சீட்டுக்குக் காலவரம்பு உண்டு. நிறுவனமே முடங்கிவிட்டால் அதற்கு மதிப்பும் இல்லை. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேசும், 2023 மே மாதத்தில் கோ பர்ஸ்ட் நிறுவனமும் சேவையை நிறுத்தியபோது, முன்பதிவு செய்திருந்த பயணிகள் கடன் கொடுத்தோர் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. அத்தகைய சூழலில், கடன் அட்டையால் செலுத்தியவர்கள் தமது வங்கியிடம் பரிவர்த்தனையை மறுத்து முறையிடும் வழி ஒன்று உள்ளது.

செய்ய வேண்டியவை

1. சீட்டைத் தாமாக இரத்துச் செய்தல் கூடாது. பயணம் நடைபெறாது என்று செய்தி பரவியதும் அவசரப்பட்டு இரத்துச் செய்தால், அது பயணி செய்த இரத்தாகக் கொள்ளப்பட்டு, அதற்கான கட்டணம் பிடிக்கப்படலாம். நிறுவனம் முறைப்படி அறிவிக்கும் வரை காத்திருத்தல் நன்று.
2. அறிவிப்பைச் சேமித்தல். வந்த குறுஞ்செய்தி, மின்னஞ்சல் ஆகியவற்றை அவை வந்த நேரத்துடன் படமெடுத்து வைத்தல் வேண்டும். 24 மணி நேர விதிக்கு இதுவே சான்று. விமான நிலையத்தின் தகவல் பலகையையும் படமெடுக்கலாம்.
3. காரணத்தை எழுத்தில் கேட்டல். வாய்மொழியாகக் கூறப்படும் காரணம் பின்னர் மாறக்கூடும்.
4. முகப்பில் வரிசையில் நிற்கும்போதே, நிறுவனத்தின் செயலி, தொலைபேசி ஆகியவற்றின் வழியாகவும் மாற்று இருக்கையைத் தேடுதல். அடுத்த விமானத்தில் எஞ்சியுள்ள இருக்கைகள் விரைவில் நிரம்பிவிடும்.
5. மாற்று விமானமா, பணமா என்று முடிவு செய்தல். மறுநாள் தேர்வு, நேர்காணல், அறுவை சிகிச்சை போன்றவை உள்ளவர்களுக்கு இழப்பீட்டைவிட மாற்று விமானமே பயனுடையது. மாறாக, பயணத்தின் நோக்கமே கடந்துவிட்டால் பணத்தைக் கேட்பது தகும்.
6. உணவு, வாடகை வண்டி, தங்குமிடம் ஆகியவற்றுக்குச் செலவிட்டதற்கான பற்றுச்சீட்டுகளைப் பாதுகாத்தல்.
7. ஒப்படைத்த பயணப்பெட்டிகளை எங்கு, எப்போது திரும்பப் பெறுவது எனக் கேட்டறிதல்.

இணைப்புப் பயணங்களைத் தனித்தனிச் சீட்டுகளாக வாங்கியவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். முதல் விமானம் இரத்தானதால் இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனம் அவரை வராத பயணியாகவே கருதும். அவ்வாறு நேர்ந்தாலும், பயன்படுத்தாத சீட்டில் அடங்கியுள்ள சட்டப்படியான வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திரும்பக் கேட்கலாம்.

முறையீடு

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் முறையிட வேண்டும். அதில் தீர்வு கிடைக்காவிட்டால், வான்போக்குவரத்து அமைச்சகம் 2016 நவம்பரில் தொடங்கிய ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தையும் அணுகலாம்.

இறுதி வழி நுகர்வோர் ஆணையம் ஆகும். 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பயணி தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனத்தின் தலைமையகம் உள்ள நகருக்குச் செல்ல வேண்டியதில்லை. 5 இலட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும்.

பெருந்திரள் இரத்துகள்

கொரோனா பெருந்தொற்றின்போது 2020 மார்ச் 25 முதல் மே 24 வரை இந்தியாவில் உள்நாட்டுப் பயணிகள் விமானச் சேவை நிறுத்தப்பட்டது. அப்போது பல நிறுவனங்கள் பணத்துக்கு மாற்றாக வரவுச் சீட்டுகளையே வழங்கின. இது தொடர்பான வழக்கில் 2020 அக்டோபர் 1 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஊரடங்குக் காலத்தில், அக்காலத்துப் பயணத்துக்காகவே பதிவு செய்த சீட்டுகளுக்கு முழுத் தொகையையும் உடனே திருப்பித் தர ஆணையிட்டது.

2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ நிறுவனத்தின் பயணங்கள் ஆயிரக்கணக்கில் இரத்தாயின. டிசம்பர் 5 அன்று மட்டும் 1,000க்கு மேற்பட்டவை இரத்தாயின. விமானிகளின் ஓய்வு நேரத்தை அதிகரித்தும் இரவுத் தரையிறக்கங்களைக் குறைத்தும் வகுக்கப்பட்ட புதிய விதிகளுக்கு ஏற்ப நிறுவனம் போதிய விமானிகளைத் திட்டமிடாததே இதற்கு முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது. பிற நிறுவனங்களின் கட்டணம் பன்மடங்கு உயர்ந்ததால், டிசம்பர் 6 அன்று அரசு தற்காலிகக் கட்டண உச்ச வரம்பை விதித்தது.

பிற நாடுகளில்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 261/2004 எண்ணுடைய ஒழுங்குவிதி 2005 பெப்ரவரி 17 முதல் நடைமுறைக்கு வந்தது. தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ என இழப்பீட்டை இது நிர்ணயித்தது. ஒன்றியத்திலிருந்து புறப்படும் எந்நாட்டு நிறுவனத்தின் விமானத்துக்கும் இது பொருந்தும் என்பதால், பிராங்க்ஃபர்ட்டிலிருந்து சென்னைக்கு வரும் பயணியும் இதன் பயனைப் பெறலாம். வழக்கமான தொழில்நுட்பக் கோளாறு விதிவிலக்கு ஆகாது என 2008 ஆம் ஆண்டு ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2010 இல் ஐசுலாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றபோது எழுந்த வழக்கில், இழப்பீடு இல்லாவிடினும் உணவும் தங்குமிடமும் அளிக்கும் கடமை நீடிக்கும் என 2013 இல் அந்நீதிமன்றம் கூறியது.

ஐக்கிய அமெரிக்காவில் இரத்துக்கெனச் சட்டப்படியான இழப்பீட்டுத் தொகை வகுக்கப்படவில்லை. ஆயினும், 2024 இல் கொண்டுவரப்பட்ட விதிகளின்படி, மாற்றுப் பயணத்தை ஏற்காதவருக்கு, அவர் கோராமலேயே பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இந்தியா, ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய மூன்றின் விதிகளும் இழப்பீட்டில் வேறுபட்டாலும் ஒன்றில் ஒத்துப்போகின்றன: நிறுவனமே இரத்துச் செய்த பயணத்துக்கு, மாற்று விமானத்தை விரும்பாத பயணி, தாம் செலுத்திய கட்டணத்தைத் திரும்பப் பெறும் உரிமை உடையவர் ஆவார்.