பாட்டியின் பாட்டியைத் தேடுவோம்

மாணவர்களே, உங்கள் அடையாள அட்டையைப் பாருங்கள். உங்கள் பெயருக்குப் பின் அப்பாவின் பெயர் இருக்கும். அப்பாவின் அட்டையில் தாத்தாவின் பெயர் இருக்கும். இப்படியே பின்னோக்கிச் சென்றால் தந்தைவழி ஓரளவு தெரிந்துவிடும். தாய்வழி?

19ஆம் நூற்றாண்டில் தமிழகத்துப் பெண்கள் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் உழைத்தார்கள். பின்னர் ரப்பர் வந்தபோது கூலிம், சுங்கைப்பட்டாணி வட்டாரத் தோட்டங்களிலும் தமிழ்ப் பெண்கள் பால் வெட்டினார்கள். அவர்களின் பெயர்கள் நம் பெயரோடு ஒட்டி வரவில்லை. ஆனால், அவர்கள் தந்த ஓர் அடையாளம் நம் உயிரணுக்களுக்குள் இருக்கிறது.

உயிரணுவுக்கு ஆற்றல் தருவது இழைமணி, அதாவது மைட்டோகாண்டிரியா. அதற்கென்று தனி டி.என்.ஏ. உண்டு. அதில் இருப்பவை 37 மரபணுக்கள், சுமார் 16,569 கார இணைகள். விந்தணுவிலும் இழைமணி இருக்கிறது. அது நீந்துவதற்கு அதுவே ஆற்றல் தருகிறது. ஆனால், கருவுற்ற பிறகு தந்தையின் இழைமணிகள் அழிக்கப்படுகின்றன. ஆகவே நமக்குக் கிடைப்பது அம்மாவின் இழைமணி. அம்மாவுக்கு அது பாட்டியிடமிருந்து வந்தது.

இப்போது ஒரு கணக்கு. பெற்றோர் 2 பேர், அவர்களைப் பெற்றவர்கள் 4 பேர், பிறகு 8, 16, 32. ஐந்து தலைமுறைக்கு முன் உங்களுக்கு 32 மூதாதையர். அவர்களில் ஒருவர், உங்கள் அம்மாவழிப் பாட்டிக்கு அம்மாவழிப் பாட்டியாக இருந்தவரைப் பெற்ற தாய். அவர் 1870களில் பிறந்திருக்கலாம். மற்ற டி.என்.ஏ.வில் அவருடைய பங்கு சராசரியாக 3 விழுக்காடுதான். இழைமணி டி.என்.ஏ.வோ ஏறக்குறைய முழுவதும் அவருடையது!

இது நம்பத்தக்கதா? 2012இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. 1485இல் போரில் இறந்த மன்னர் மூன்றாம் ரிச்சர்டாக இருக்குமோ என்று ஆய்வாளர்கள் எண்ணினார்கள். மன்னருடைய அக்காளின் பெண்வழியில் வந்தவர்களைத் தேடிப் பிடித்து, இழைமணி டி.என்.ஏ.வை ஒப்பிட்டார்கள். 500 ஆண்டுகள் கடந்தும் அது பொருந்தியது.

ஒரு கேள்வி. நீங்கள் தேடும் பெண் அப்பாவின் அம்மா வழியில் வந்தவர் என்றால் யாரைச் சோதிக்க வேண்டும்? உங்களை அல்ல, அப்பாவை, அல்லது அத்தையை, அத்தை பிள்ளைகளை. இடையில் ஓர் ஆண் வந்தால் அவரோடு இந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

டி.என்.ஏ.வுக்கு இன்னொரு குறையும் உண்டு. அது உறவைக் காட்டும். பெயரையும் ஊரையும் சொல்லாது. அதற்கு ஏடுகள் வேண்டும். எழுத்தாளர் கயூத்ரா பகதூரின் கொள்ளுப்பாட்டி சுஜாரியா, 1903இல் கர்ப்பிணியாகத் தன்னந்தனியே கல்கத்தாவிலிருந்து கயானாவுக்குக் கப்பலேறியவர். கொள்ளுப்பேத்தி அவரைத் தேடியது குடியேற்ற ஏடுகளின் துணையோடுதான்.

நீங்களும் தொடங்கலாம். பரிசோதனைக்குப் பணம் வேண்டும், குறிப்பேட்டுக்கு வேண்டாம். அம்மா, பாட்டி ஆகியோரின் பிறப்புப் பத்திரங்களைக் கேட்டுப் பாருங்கள். அவற்றில் தாயின் பெயர் இருக்கும். பிறகு பாட்டியிடம் கேளுங்கள்: உங்கள் அம்மா பெயர் என்ன? எந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தீர்கள்? ஊரில் எந்தக் கிராமம்? தோட்டத்தை விட்டு எப்போது வந்தீர்கள்? சொல்வதை ஆண்டோடு எழுதுங்கள். உறுதியாகத் தெரியாததற்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். அறிவியலில் அதுவும் ஒரு தரவுதான்.

பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இடிந்துவிட்டன. இழைமணி இன்னும் பல தலைமுறை காத்திருக்கும். பாட்டியின் நினைவு அப்படிக் காத்திருக்காது. இந்த வாரமே கேளுங்கள்.