மேல்வீட்டில் நள்ளிரவில் கோலி விளையாடுவது யார்?

இரவு மணி 12 தாண்டிவிட்டது. தூக்கம் வரும் நேரம் பார்த்து மேலே 'டொக்... டொக்... டொக்டொக்டொக்'. யாரோ கோலிக்குண்டைத் தரையில் போட்டதுபோல் சத்தம். "இந்த நேரத்துல மேல என்னதான் பண்றாங்க?" என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

வீவக வீடுகளில் வளர்ந்த பலருக்கும் இந்தச் சத்தம் பழக்கமானது. இதை வைத்துப் பேய்க்கதைகள்கூட உண்டு. மேல்வீடு காலி என்று தெரியவந்தால் கதைக்குச் சுவை இன்னும் கூடும்!

பேயைவிட நம்பத்தகுந்த காரணம், தண்ணீர்க் குழாய். வேகமாக ஓடும் தண்ணீர் திடீரென நிறுத்தப்படும்போது அந்த அழுத்தம் குழாயில் மோதி அதிர்கிறது. அதனால்தான் தட்டல் வரவரக் குறைந்துகொண்டே போகிறது. பகல் வெயிலில் விரிந்த கட்டடப் பகுதிகள் இரவில் சுருங்கும்போதும் இப்படிச் சத்தம் வரலாம்.

சரி, நிஜமாகவே யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அது உங்களுக்கு நேர் மேலே இருக்கும் வீடுதான் என்று எப்படிச் சொல்வீர்கள்?

காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். கான்கிரீட்டில் அது 3,000 மீட்டருக்கும் மேல். தரையில் விழுந்த அடி, தளம், தூண், சுவர் என்று பரவி, இரண்டு மாடி தள்ளியோ பக்கத்து வீட்டிலோ வெளிவரலாம். காதுக்கு மட்டும் அது மேலிருந்து வருவதுபோலவே தோன்றும். தப்பான வீட்டுக் கதவைத் தட்டிச் சண்டை போடுவது இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

"அப்போ கூரையில ஃபோம் ஒட்டிட்டா போச்சு" என்கிறீர்களா? காசை மிச்சப்படுத்துங்கள். முட்டை அட்டை மாதிரி இருக்கும் அந்த ஃபோம், உங்கள் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். பாடல் பதிவு செய்ய நல்லது. வெளியிலிருந்து வரும் சத்தத்தை அது தடுக்காது. ஒலியைத் தடுக்க எடை வேண்டும். சுவரின் எடையை இரட்டிப்பாக்கினாலும் குறைவது ஏறக்குறைய 6 டெசிபல்தான். சத்தம் பாதியானதுபோல் காதுக்குத் தோன்றவே சுமார் 10 டெசிபல் குறையவேண்டும்.

பேச்சுச் சத்தம், டிவி போன்றவை காற்றுவழி வருபவை. கதவின் அடி இடைவெளியையும் சன்னல் ஓரங்களையும் ரப்பர் பட்டையால் அடைத்தால் நல்ல வித்தியாசம் தெரியும். ஆனால் காலடி, உரல் இடிக்கும் சத்தம், பந்து தட்டும் சத்தம்? அவை கட்டடத்தின் உடம்புக்குள்ளேயே வருகின்றன. கூரையை மட்டும் மூடினால் சுவர் வழியாக இறங்கும். அவற்றைச் சத்தம் பிறக்கும் இடத்தில்தான் சுலபமாக நிறுத்த முடியும். அந்த இடமோ உங்களுடையது அல்ல.

அதனால் பேசித்தான் ஆகவேண்டும். போவதற்கு முன், ஒரு வாரம் நேரத்தையும் சத்தத்தின் வகையையும் குறித்துவையுங்கள். கோபம் தலைக்கேறிய நள்ளிரவில் போகாதீர்கள். மறுநாள் மாலை போங்கள். "ஏன் சத்தம் போடுறீங்க?" என்பதைவிட, "ஆன்ட்டி, ராத்திரி 11 மணிக்கு இழுக்குற மாதிரி சத்தம் கேக்குது, உங்களுக்கும் கேக்குதா?" என்பது மேல். அவருக்கும் அது கேட்கலாம், தெரியுமா! கதவிடுக்கில் கடிதம் வைப்பது எளிது என்று தோன்றும். எழுத்தில் நம் குரல் கேட்காததால் சாதாரண வரிகூட மிரட்டலாகப் படும்.

எந்த நேரம் அமைதி நேரம்? இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை என்று இருந்ததை, இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டிக்கலாம் என்று அக்கம்பக்க இரைச்சல் தொடர்பான சமூக ஆலோசனைக் குழு 2022இல் பரிந்துரைத்தது. வீவக வீட்டுப் புதுப்பிப்பில் சுவர் உடைப்பது, துளையிடுவது போன்ற வேலைகளை வாரநாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டுமே செய்யலாம்.

பேச்சு பலிக்கவில்லை என்றால் சமூகச் சமரச நிலையம் இருக்கிறது. அதற்கும் அடுத்தது, 2015இல் தொடங்கிய சமூகப் பூசல்களுக்கான நடுவர் மன்றம். தொல்லையை நிறுத்தச் சொல்லியும் 20,000 வெள்ளி வரை இழப்பீடு தரச் சொல்லியும் அது உத்தரவிடலாம். ஆனால் ஆதாரத்தைத் திரட்டவேண்டியவர் புகார் கொடுப்பவர்தான். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காட்டுவதே பெரும்பாடு. மோசமான இரைச்சல் புகார்களை நேரில் விசாரிக்கும் சமூக உறவுப் பிரிவு 2025இல் தெம்பனிஸ் வட்டாரத்தில் சோதனை முறையில் தொடங்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கிடையே, உங்கள் வீட்டுக்குக் கீழேயும் ஒரு வீடு இருக்குமே. உரலுக்கு அடியில் தடித்த துண்டை நாலாக மடித்துப் போடுங்கள், அல்லது மேசை நடுவில் வைக்காமல் அதன் காலுக்கு நேர் மேலே வைத்து இடியுங்கள். நாற்காலிக் கால்களில் ஒட்டும் துணி வட்டுகளுக்குச் சில வெள்ளிதான் ஆகும். தூசு சேர்ந்தால் சில மாதங்களில் உரிந்துவிடும். அவ்வப்போது நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள்.